செக் பள்ளியில் ஒரு வருடம்: மதியத் தட்டும் மாலைக் குழுவும்

செக் நாட்டில் ஒரு வருடம் படிக்கத் தேர்வான பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். குளிர் தாங்குமா? மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது? குளிருக்கு நல்ல ஜாக்கெட் போதும். அதையும் சென்னையில் தேடி அலைய வேண்டாம், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். மொழி மெதுவாக வந்து சேரும். நான் அவர்களிடம் அழுத்திச் சொல்வது வேறு இரண்டு விஷயம். மதியச் சாப்பாட்டைப் பள்ளி உணவகத்திலேயே சாப்பிடுங்கள். செப்டம்பர் பாதிக்குள் பள்ளிக்கு வெளியே ஏதாவது ஒரு குழுவில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். இந்த இரண்டையும் தள்ளிப்போட்டவர்கள்தான் டிசம்பரில் வீட்டுக்கு போன் போட்டு அழுகிறார்கள்.

நான் போனது மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் வழியாக, 2023-24 கல்வியாண்டில். அப்போது எனக்கு 16 வயது. ஊர் ஓலொமோட்ஸ், மொராவியா பகுதியில் மொராவா ஆற்றங்கரையில் இருக்கிற பழைய பல்கலைக்கழக நகரம். தங்கியது அங்கே ஒரு செக் குடும்பத்தோடு. இனி வீட்டு அம்மா, வீட்டு அண்ணன் என்று நான் சொல்வதெல்லாம் அவர்களைத்தான். பள்ளி ஒரு கிம்னாசியம். உடற்பயிற்சிக்கூடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், கல்லூரிக்குப் போகப்போகிற பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு அங்கே அதுதான் பெயர். நான்கு வருடப் படிப்பும் உண்டு, எட்டு வருடப் படிப்பும் உண்டு. எட்டு வருட வகுப்புகளுக்கு லத்தீன் எண்களில் பெயர் வைத்திருக்கிறார்கள், ப்ரிமாவில் தொடங்கி ஒக்தாவா வரை. என்னை உட்காரவைத்தது ஆறாவது வருட வகுப்பில்.

அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. எட்டு வருடப் படிப்பில் பிள்ளைகள் பதினொரு வயதில் நுழைவுத்தேர்வு எழுதிச் சேர்கிறார்கள். அதே முப்பது பேர், அதே வகுப்பு, பத்தொன்பது வயதில் மத்துரிட்டா என்ற இறுதித் தேர்வு எழுதும்வரை. நான் போய் உட்கார்ந்தபோது அவர்கள் ஐந்து வருடம் சேர்ந்து குப்பை கொட்டியிருந்தார்கள். யார் யாரோடு பேசுவார், யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவார், எந்த வேடிக்கைக்கு யார் சிரிப்பார் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதுப் பையன் வந்தால் முதல் இடைவேளையிலேயே பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு எந்த ஊர், அப்பா என்ன வேலை, எவ்வளவு மார்க் என்று குடைந்தெடுத்துவிடுவார்கள். அங்கே ஒரு தலையசைப்பு, 'அஹோய்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். அதைக் கோபம் என்றோ, நிறம் பார்க்கிறார்கள் என்றோ உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்காமல் ஒருவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது அவர்களுக்கு மரியாதைக்குறைவு. நாமாகப் போய்ப் பேசினால் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் பாட இடைவேளை ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அதற்குள் என்ன பேச?

பள்ளி காலை எட்டு மணிக்கு. ஏழு மணிக்கே ஒரு பாடம் வைக்கிற நாட்களும் உண்டு, அதற்குப் 'பூஜ்யமாவது பாடம்' என்று பெயர். நவம்பரில் அந்தப் பாடத்துக்குப் போகும்போது டிராமுக்கு வெளியே கும்மிருட்டு. உள்ளே நுழைந்ததும் லாக்கரில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். மொராவியாவில் அதைப் பப்புச்சே என்பார்கள். வீட்டிலும் அதே வழக்கம், விருந்தாளிக்குக் கூட ஒரு ஜோடி எடுத்து நீட்டுவார்கள். செருப்போடு வீட்டுக்குள் போகாத நமக்கு இதில் சிரமம் இல்லை. முதல் நாளுக்கே ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள், பின்பக்கம் மூடிய வகையாக இருந்தால் நல்லது, மாடிப்படியில் ஓட வேண்டியிருக்கும். சீருடை கிடையாது.

ஆசிரியர் உள்ளே வந்ததும் எழுந்து நிற்க வேண்டும். கிம்னாசியத்தில் ஆசிரியரை 'பேராசிரியர் ஐயா', 'பேராசிரியர் அம்மா' என்ற பொருளில் பானே ப்ரொஃபெசொரே, பனி ப்ரொஃபெசொர்கோ என்று அழைப்பது மரபு. பாடம் 45 நிமிடம். மதிப்பெண் 1 முதல் 5 வரை. ஒன்றுதான் உச்சம், ஐந்து என்றால் தோல்வி. முதல் வேதியியல் தேர்வில் நான் நான்கு வாங்கியதை வீட்டில் சொன்னபோது அம்மா, "அஞ்சுக்கு நாலாடா? பரவாயில்லயே" என்று சந்தோஷப்பட்டார். நானும் அதைக் கலைக்கவில்லை.

மதிப்பெண்களெல்லாம் ஒரு செயலியில் ஏறிவிடும். எங்கள் பள்ளியில் பகலார்ஷி என்ற மென்பொருள். கால அட்டவணை மாற்றம், விடுப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் அதில்தான். அதன் கடவுச்சொல்லை முதல் நாளே அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அது இல்லாதவருக்கு ஆசிரியர் விடுப்பில் போன செய்தியும் தெரியாது, இன்று முதல் பாடம் ரத்து, இன்னும் ஒரு மணிநேரம் தூங்கலாம் என்பதும் தெரியாது.

நம் ஊரில் இல்லாத ஒன்று வாய்மொழித் தேர்வு. ஆசிரியர் பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்த மாணவரைக் கரும்பலகைக்கு முன்னால் அழைத்து, சென்ற பாடத்திலிருந்து கேள்வி கேட்பார். பத்து நிமிடம் போகும். முடிந்ததும் மதிப்பெண்ணை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார். பாடம் தொடங்கும் அந்த இரண்டு நிமிடம் வகுப்பில் ஒருவர் கண்ணும் நிமிராது. பரிமாற்ற மாணவர்களை வழக்கமாக அழைக்க மாட்டார்கள். மார்ச் மாதம் நான் புவியியல் ஆசிரியரிடம் நானாகப் போய், பருவக்காற்றைப் பற்றி என்னைக் கேளுங்கள் என்று சொன்னேன். ஓட்டைச் செக்கில் பத்து நிமிடம் தென்மேற்கு, வடகிழக்கு என்று வெளுத்துவாங்கினேன். அன்றைக்குக் கிடைத்த 1 என்ற மதிப்பெண்ணைவிட, அதற்குப் பிறகு பின்வரிசைப் பையன்கள் என்னை மற்றவர்களைப்போலவே கிண்டல் செய்யத் தொடங்கியதுதான் பெரிய லாபம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பு ஒன்று வந்தால் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. பள்ளி உணவகத்துக்கு யீடெல்னா என்று பெயர். செக் வீடுகளில் வேலை நாட்களில் சூடான முழுச் சாப்பாடு மதியம்தான். பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள், பெரியவர்கள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் சாப்பிடுகிறார்கள். இரவு ரொட்டி, வெண்ணெய், சீஸ், நறுக்கிய குடைமிளகாய் என்று குளிர்ந்த சாப்பாடாகவே பல நாள் இருக்கும். இது தெரியாமல், மதியம் எதையாவது கொறித்துவிட்டு ராத்திரி வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் பட்டினிதான். இரவில் சோறு கேட்டால் வைத்துத் தர மாட்டார்கள் என்றில்லை. ஆனால் தினமும் கேட்க நமக்கே கூச்சமாகிவிடும்.

யீடெல்னாவில் சாப்பிட ஒரு சிறிய சிப் வாங்க வேண்டும். அதற்கு முன்பணம் உண்டு. கணக்கில் பணம் போட்டுவிட்டு, இணையத்தில் வாரத்துக்கான பட்டியலைப் பார்த்து ஒன்றாம் எண் சாப்பாடா இரண்டாம் எண்ணா என்று முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். வரிசையில் நின்று சிப்பைக் காட்டினால் சமையல்கார அம்மாவுக்கு உங்கள் எண் தெரியும். ஒரு சாப்பாட்டுக்கு நான் கொடுத்தது செக் நாணயத்தில் நாற்பது கொரூனாவை ஒட்டி. ஓட்டலில் அதே சாப்பாட்டுக்கு மூன்று, நான்கு மடங்கு ஆகும். மாணவர் கொடுப்பது மளிகைச் செலவு மட்டும். சமையல்காரர் சம்பளமும் மின்சாரமும் பொதுப்பணத்திலிருந்து. வர முடியாத நாளுக்கு முன்கூட்டியே ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு போய்விடும். உடம்பு சரியில்லாமல் விழும் முதல் நாளுக்கு மட்டும் ஒரு சலுகை: வீட்டிலிருந்து யாராவது பாத்திரம் கொண்டுவந்து உங்கள் சாப்பாட்டை வாங்கிப்போகலாம். எனக்குக் காய்ச்சல் வந்த அன்று அந்த வீட்டுத் தாத்தா பரணிலிருந்து இறக்கி எடுத்துப்போனது மூன்றடுக்கு டிபன் கேரியர். பூப்போட்ட எனாமல், பக்கவாட்டுக் கொக்கி, மேலே மரப்பிடி. அதைப் படம் எடுத்து எங்கள் ஆச்சிக்கு அனுப்பினேன். இது என் கல்யாணச் சீரில் வந்ததாயிற்றே என்றார்.

சாப்பாடு எப்போதும் சூப்பில் தொடங்கும். உருளைக்கிழங்கு சூப், பூண்டு சூப், நூடுல்ஸ் மிதக்கும் இறைச்சி வடிசாறு, பொரித்த ரொட்டித்துண்டு தூவிய பட்டாணி சூப். பிறகு முக்கியத் தட்டு. நான் இருந்த வருடம் குடிக்க ஒரு பெரிய பாத்திரத்தில் இனிப்புப் போட்ட பழத் தேநீர் வைத்திருந்தார்கள், பால் இல்லாமல். உட்காரும்போது மேசையில் ஏற்கெனவே இருப்பவர்களைப் பார்த்து 'டோப்ரோ ஹுத்' என்று சொல்ல வேண்டும், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் கவனிப்பார்கள்.

தேசியச் சாப்பாடு என்று சொல்லத்தக்கது ஸ்விச்கோவா. வேர்க்காய்களை மாட்டிறைச்சியோடு வேகவைத்து, அரைத்து, பாலேடு சேர்த்த இளமஞ்சள் சாஸ், ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு கரண்டி கிரான்பெரி, பக்கத்தில் க்னெட்லிக். இந்த க்னெட்லிக் மாவை நீளமாக உருட்டி வேகவைத்து வட்டமாக அறுத்தது. வெள்ளையாக, மெத்தென்று இருப்பதால் நம் கண் அதை இட்லி என்றே முடிவுசெய்யும். தனியாகக் கடித்தால் ஏமாற்றம் நிச்சயம். சாஸை உறிஞ்சிக்கொள்ளத்தான் அது இருக்கிறது. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை என்பதால் நான் அதன் சாஸை முழுமையாகச் சாப்பிட்டதில்லை. அது வரும் நாளில் இரண்டாம் எண்ணில் பெரும்பாலும் வேறு ஏதாவது இருக்கும். கோழி பாப்ரிகா, மீன், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ். அந்தச் சீஸும் அவித்த உருளைக்கிழங்கும் வந்தால் வரிசை கதவுக்கு வெளியே நிற்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலில் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் எண்கள் போட்டிருப்பார்கள்: 1 என்றால் பசையம் உள்ள தானியம், 3 முட்டை, 4 மீன், 7 பால், 9 செலரி. அது ஒவ்வாமைக்கான ஐரோப்பியப் பட்டியல். இறைச்சி இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லாது. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் எலும்புச் சாறு இருக்கலாம். இறைச்சி இல்லாத சாப்பாடு என்று நம்பித் தட்டைக் கிளறினால் ஹாம் துண்டுகள் தட்டுப்படலாம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல் ஹாம், சாசேஜ், கொழுப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் உணவக மேலாளரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டால் பல இடங்களில் இறைச்சியை எடுத்துவிட்டு ஒரு முட்டை கூடுதலாக வைப்பார்கள். நான் பார்த்தவரை சமையலறை அம்மாக்கள், சாப்பிடாத பிள்ளை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

இந்த உணவகங்கள் நடப்பது 2005-ஆம் ஆண்டின் 107-ஆம் எண் அரசாணைப்படி. ஒரு மாணவருக்கு மாதத்தில் சராசரியாக எவ்வளவு இறைச்சி, மீன், பால், காய், பழம், பருப்பு போய்ச் சேர வேண்டும் என்று வயதுவாரியாக அதில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் பருப்பும் இருப்பது நமக்கு நல்லதாகப் போயிற்று. சோச்கா நா கிசெலோ என்று ஒன்று வரும்: கெட்டியாக வேகவைத்த மைசூர்ப் பருப்பு வகை, வினிகர் புளிப்பு, மேலே முட்டை, பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரி. வகுப்பில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்குவேன். இதையே சாக்காக வைத்து என் தட்டில் பருப்பைத் தள்ளிவிட்டு என் இனிப்பை எடுத்துக்கொள்கிற ஒப்பந்தம் ஒன்று மூன்று பேரோடு ஏற்பட்டது. அந்த மூன்று பேர்தான் வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் நண்பர்கள்.

இனிப்பு என்றதும் சொல்ல வேண்டும்: அங்கே இனிப்பே முழுச் சாப்பாடாக வரும். சூப் குடித்த கையோடு, வெதுவெதுப்பான வெனிலாப் பாலில் மிதக்கும் குட்டி பன்கள். அல்லது பிளம் பழத்தை உள்ளே வைத்த உருண்டை, மேலே பாலாடைக்கட்டித் துருவலும் உருக்கிய வெண்ணெயும். அல்லது பாலில் காய்ச்சிய ரவைக் கஞ்சி, மேலே வெண்ணெய், சர்க்கரை, கோகோ. அந்தக் கஞ்சி கிடைக்கும் நாளில் பதினெட்டு வயதுத் தடியன்கள்கூடக் குழந்தையாகிவிடுவார்கள். எனக்கு மதியம் இரண்டு மணிக்கே மறுபடி பசிக்கும். வெந்தய நிறத்தில், எல்லாவற்றுக்கும் ஊற்றப்படும் மாவு கரைத்த பழுப்பு சாஸ் ஒன்றும் உண்டு. மாணவர்கள் அதற்கு உஹோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'எங்கும் பொருந்தும் பழுப்பு சாஸ்' என்பதன் முதலெழுத்துகள். சதகுப்பைக் கீரை சாஸான கொப்ரோவ்காவைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

காலைச் சிற்றுண்டி தனி. ஒன்பதே முக்கால் வாக்கில் பெரிய இடைவேளை வரும், அதில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரோஹ்லிக் ரொட்டி, ஆப்பிள். வீட்டு அம்மா தினமும் கட்டித் தந்தார். சாதப்பொடி, ஊறுகாய் எல்லாம் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகலாம்தான். பருப்புப்பொடி நான் கொண்டுபோனேன், அவித்த உருளைக்கிழங்குக்கு அருமையாக இருந்தது. ஆனால் மதியத்துக்குத் தனிச் சாப்பாடு கட்டிக்கொண்டுபோய் வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். நாளில் அரை மணிநேரம் எல்லாரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற ஒரே இடம் யீடெல்னா. அங்கே இல்லாதவர் வகுப்பிலும் இல்லாதவர்தான்.

சாப்பாடு முடிந்ததும் பள்ளி காலியாகிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆண்டுவிழா ஒத்திகை, மைதானத்தில் விளையாட்டு, சாயங்காலம்வரை ஸ்பெஷல் கிளாஸ் என்று இருந்த எனக்கு, இரண்டரை மணிக்கு லாக்கர் அறை வெறிச்சோடிப் போவது விநோதமாக இருந்தது. ஒரு பாடகர் குழு, வாலிபால், சதுரங்கம் என்று பள்ளிக்குள் சிலது உண்டு. மற்றபடி மாலை வாழ்க்கை ஊருக்குள் சிதறிக் கிடக்கிறது. க்ரோஷெக் என்று சொல்லும் பொழுதுபோக்கு வகுப்புகளை நடத்த நகராட்சி சார்ந்த சிறுவர்-இளைஞர் இல்லங்கள் இருக்கின்றன: மட்பாண்டம், ரோபோ, ஃப்ளோர்பால், நாடகம். இசை, நடனம், ஓவியத்துக்கு ஸூஷ் எனப்படும் அரசுக் கலைப்பள்ளிகள். உடற்பயிற்சிக்கு, 1862-இல் பிராகில் மிரொஸ்லாவ் திர்ஷும் யிந்த்ர்ஷிஹ் ஃப்யூக்னரும் தொடங்கிய சோகோல் இயக்கம். சின்ன ஊர்களில்கூட அதன் பெயரில் ஒரு கூடம் நிற்கும். 2024 கோடையில் பிராகில் நடந்த சோகோலின் 17-ஆவது பெருவிழாவுக்கு என் வகுப்புத் தோழியின் பாட்டி பனிக்காலம் முழுக்க ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சேர்க்கை நடப்பது செப்டம்பர் முதல் இரண்டு வாரம். ஸூஷ் பள்ளிகளுக்குத் தகுதித் தேர்வு முந்தைய கோடைக்கு முன்பே முடிந்துவிடும், அதனால் வீணையோ வயலினோ வாசிக்கிறவர்கள் ஊரில் இருக்கும்போதே விருந்தோம்பும் குடும்பத்தை விசாரிக்கச் சொல்லுங்கள். மற்றவற்றில் முதல் வகுப்பை இலவசமாகப் பார்க்க விடுவார்கள். கட்டணம் வருடத்துக்கோ அரை வருடத்துக்கோ சேர்த்து வாங்குவார்கள். சில ஆயிரம் கொரூனா ஆகலாம், அதைப் பயணச் செலவோடு சேர்த்துத் தனியாக ஒதுக்கி வையுங்கள். எதில் சேர்வது என்று குழம்பினால், பேச்சு அதிகம் தேவைப்படாத, கை வேலை உள்ளதாகப் பார்த்துச் சேருங்கள். மட்பாண்டம் அதற்கு நல்லது. நாடகம் வசந்தகாலத்துக்குப் பிறகு.

நான் சேர்ந்தது யுனாக் சாரணர் இயக்கத்தில், வீட்டு அண்ணன் அதில் இருந்ததால். நம் பள்ளியில் சாரணர் என்றால் குடியரசு தினத்துக்குக் கஞ்சி போட்ட காக்கி உடுத்தி அணிவகுப்பது. அங்கே வேறு கதை. ஆன்டொனின் பெஞ்சமின் ஸ்வோய்சிக் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் முதல் உலகப்போருக்கு முன் தொடங்கிவைத்த அந்த இயக்கத்தை நாஜிகள் ஒருமுறை தடை செய்தார்கள், கம்யூனிஸ்ட் அரசு இரண்டு முறை ஒடுக்கியது. ஒவ்வொரு முறையும் ரகசியமாகக் காடுகளில் கூடியவர்கள் இருந்தார்கள், 1989-க்குப் பிறகு மறுபடி வெளியே வந்தது. எங்கள் குழுவின் பழைய நாட்குறிப்புகள் கூடத்து அலமாரியில் இருந்தன. தாத்தா ஒருவர் வந்து வாசித்துக் காட்டுவார்.

வாரம் ஒரு மாலை க்ளுபோவ்னா என்ற சிறு கூடத்தில் சந்திப்பு, மாதத்தில் ஒரு சனி-ஞாயிறு ரயிலேறி மலைக்கு. தலைவனுக்கு இருபது வயது இருக்கும். சம்பளம் கிடையாது. பதினைந்து சின்னப் பிள்ளைகளை யெசெனிகி மலைக்காட்டில் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரம் போட்டுச் சமைத்துப்போட்டுத் திரும்பக் கொண்டுவந்து பெற்றோரிடம் ஒப்படைப்பான். ஒரு அம்மாவும் கூட வர மாட்டார். என் வயதில் இருந்தவர்கள் அவனுக்கு உதவியாளர்கள். என்னை எட்டு வயதுக் குட்டிகளோடு விட்டார்கள். அதுதான் எனக்கு அடித்த யோகம். என் வகுப்புத் தோழர்கள் நான் செக்கில் திணறினால் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். எட்டு வயதுப் பையனுக்கு ஆங்கிலமும் தெரியாது, இரக்கமும் கிடையாது. "அப்படி இல்லை, இப்படிச் சொல்" என்று சரியாகச் சொல்லும்வரை விட மாட்டான். கயிறு, முடிச்சு, தீ, விறகு, காளான், கரண்டி, ஓடு, நில்: வேற்றுமை உருபுகளோடு இவையெல்லாம் எனக்கு வந்தது அவர்களால்தான். சாரணர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பார்கள். எனக்கு மிளகு.

இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டு ஷ்பெகாச்செக் என்ற கொழுத்த சாசேஜைக் குச்சியில் குத்தி வாட்டுவார்கள். அதில் மாடும் பன்றியும் கலந்திருக்கும். வேண்டாதவர்கள் ரொட்டியும் சீஸும் கொண்டுபோகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ரயிலில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பாதிக் கட்டணம், வயதைக் காட்ட ஏதாவது அடையாள அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும். காலணி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இலையுதிர்காலத்தில் இன்னொன்று வரும், அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு போவது நல்லது: தனெச்னி என்னும் நடனப் பள்ளி. பதினாறு, பதினேழு வயதில் அந்த ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். வாரம் ஒரு மாலை, பையன்கள் கோட்டு-சூட்டு-டையில், பெண்கள் நீள உடையில். கூடத்தின் ஒரு பக்கம் பையன்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். குனிந்து அனுமதி கேட்டு அழைத்துவர வேண்டும். வால்ட்ஸ், போல்கா, சா-சா. கத்தியை எந்தக் கையில் பிடிப்பது, யாரை யாருக்கு முதலில் அறிமுகப்படுத்துவது என்பதும் பாடத்தில் உண்டு. நடுவில் ஒரு நாள் பெற்றோரும் வந்து பிள்ளைகளோடு ஆடுவார்கள். வ்யெனெச்செக் என்ற நிறைவு நாளில் போட்டி நடக்கும். நான் அண்ணனின் பழைய சூட்டைப் போட்டுக்கொண்டு போனேன், தோள் இரண்டு விரல்கட்டை பெரிது. போல்கா எனக்கு வந்தது, வால்ட்ஸ் கடைசிவரை வரவில்லை. வீட்டு அம்மா என்னோடு ஆடிய படத்தை மட்டும் ஊருக்கு அனுப்பினேன், மற்றவை அனுப்பத் தேவைப்படவில்லை. வெட்கப்பட்டு இதைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. தவிர்த்தால் திங்கட்கிழமை யீடெல்னாவில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாது. இதற்குப் பதிவு கோடைக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால் இதையும் முன்கூட்டி விசாரியுங்கள்.

பனிக்காலம் சீனியர்களுடையது. மத்துரிட்டா எழுதப்போகும் வகுப்பு ஒவ்வொன்றும் ஒரு நடனவிருந்து நடத்தும். தோளில் பட்டை மாட்டுவார்கள், போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வர நாம் சில்லறை எறிய வேண்டும், நள்ளிரவில் கேலி நாடகம். டிக்கெட் வாங்கிப் போங்கள், பையில் சில்லறை நிறைய இருக்கட்டும். டிசம்பர் 5 மாலை மிகுலாஷ், தேவதை, சங்கிலியோடு பிசாசு என்று வேடமிட்டவர்கள் சின்னப் பிள்ளைகளைத் தேடி வருவார்கள். கறுத்த முகம் இயற்கையாகவே இருக்கிறது என்று என்னைப் பிசாசாக்கப் பார்த்தான் ஒருவன். வேண்டாம், எனக்கு அந்த வேடிக்கை பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவன் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டான். பிடிக்காததை நேராகச் சொல்லிவிடலாம், அங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாகக் காகித விஷயங்கள். ஜூன் கடைசியில் மதிப்பெண் அட்டை தருவார்கள். பரிமாற்ற மாணவருக்குப் பல பாடங்களில் மதிப்பெண் இல்லாமலே போகலாம். அதனால் எந்த வகுப்பில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தெந்தப் பாடங்களில் உட்கார்ந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழை முத்திரையோடு கேளுங்கள். இங்கே திரும்பி வந்து நான் பதினொன்றாம் வகுப்பில்தான் சேர முடிந்தது, ஒரு வருடம் பின்தங்கியது உண்மை. ஆனாலும் அந்தத் தாள் இல்லாவிட்டால் அந்த வருடம் எங்கே இருந்தேன் என்றே விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஜூன் நடுவிலேயே கேட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி அலுவலகத்தில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். உணவகத்துச் சிப்பைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கையில் வரும், கணக்கில் மிச்சம் இருப்பதையும் தந்துவிடுவார்கள். வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள். உங்களுக்கு அங்கே கணக்கு இருக்காது, வீட்டு அம்மாவுடையதைக் கொடுத்தால் போதும்.